வெயிலில் வெளுத்த சிவப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் தம்பி போன் பண்ணி, "அண்ணா, நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். இந்த மேடையில் தொழிலில் ஜெயித்த கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிப்பட்ட ஆளில்லை. முப்பத்தைந்து வருஷம் பம்ப்செட்டுக்கும் வெட் கிரைண்டருக்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த பெயிண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பம்ப்செட் பெயிண்ட் இல்லீங்க, கிடார் மேல் அடிக்கிற பெயிண்ட்.

காரணம் இருக்கிறது. போன மாதம் நம் மாணவர்கள் ஆடிட்டோரியத்துப் பின்னறையைச் சுத்தம் செய்தபோது, உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் ஒரு பழைய கிடார் கிடைத்தது. சங்கத்து வாட்ஸப் குழுவில் அதன் படம் வந்தது. உடனே ஒரு நண்பர், "இதைப் புத்தம் புதுசா பெயிண்ட் அடிச்சு, முன் ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், செலவு என்னுது" என்று எழுதினார். நல்ல மனசு. பலரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்பதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

1974இல் நாங்கள் சேர்ந்தபோதே அந்தக் கிடார் இங்கே இருந்தது. எங்களுக்கு முந்தைய செட் சீனியர்கள் தலைக்கு இவ்வளவு என்று காசு போட்டு வாங்கியது. கல்கத்தாவில் செய்தது. சாதாரணக் கிடாரில் நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும் அல்லவா? இதில் அது கிடையாது. வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் வளைந்த பிளவுகள். மேற்பலகையும் தட்டையாக இல்லாமல் நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். இதை ஆர்ச்டாப் என்பார்கள். நடுவில் மஞ்சள், அடுத்து செம்பழுப்பு, ஓரம் போகப் போகக் கருப்பு. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் சூரியன் இறங்கும்போது வானம் எப்படி இருக்கும், அப்படி. உலகம் முழுக்க இதற்குச் சன்பர்ஸ்ட் என்று பெயர். நம் ஹாஸ்டலில் மட்டும் வேறு பெயர்: "ஆஃப்பாயில்". நடுவில் மஞ்சள், ஓரத்தில் கருகல். மெஸ்ஸில் அதைத் தின்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? (சிரிப்பு.) "ஆஃப்பாயிலை எடுத்துட்டு வாடா" என்றால் கிடாரைக் கொண்டு வருவார்கள்.

இந்த வர்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். அங்கே ஆர்வில் கிப்சன் என்பவர், வயலினைக் குடைவது போலவே மாண்டலினையும் கிடாரையும் மேடாகக் குடைந்து செய்யலாம் என்று ஆரம்பித்தார். 1898இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1902இல் கம்பெனி வந்தது. 1922இல் அந்தக் கம்பெனியில் லாயிட் லோர் என்பவர் இருந்த காலத்தில் எல்-5 என்ற கிடார் வந்தது. வயலின் மாதிரி பிளவுகள் வைத்த ஆர்ச்டாப்புக்கு அதுதான் தாய். அதற்கு அடித்த வர்ணத்துக்கு இத்தாலியில் வயலின் செய்த கிரெமோனா என்ற ஊரின் பெயரையே வைத்தார்கள்.

ஏன் வயலின் ஊர்ப் பெயர்? இங்கேதான் சுவாரசியம். நூறு இருநூறு வருஷம் வாசித்த வயலினில், கையும் தாடையும் பட்டு வார்னிஷ் தேய்ந்துபோன இடம் வெளிறியிருக்கும். கை படாத ஓரத்தில் அழுக்கும் பழைய வார்னிஷும் சேர்ந்து கருத்திருக்கும். அந்தத் தோற்றத்தைத்தான் புதுக் கிடார் மேல் முதல் நாளே வரைந்து விற்றார்கள். பழசு போலத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்த புதுசு! நாமோ பழசைப் புதுசாக்கத் துடிக்கிறோம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தொழில்காரனாக இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தைக் கருப்பாக்கினால் ஒட்டுத் தெரியாது. பலகையின் நடுவில் நல்ல ரேகை இருந்து ஓரம் சுமாராக இருந்தால், அதுவும் மறையும். ஆக, அழகுக்கு அழகு, மறைப்புக்கு மறைப்பு.

அடிப்பது எப்படி? முதலில் மரம் முழுக்க மஞ்சள் சாயம். பிறகு ஸ்பிரே கன்னில் பழுப்பையும் கருப்பையும் நன்றாகத் தின்னர் விட்டு இளக்கி, ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடித்துப் புகை மாதிரி அடிக்கவேண்டும். கை ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. நின்றால் திட்டு விழும். மஞ்சள் எங்கே முடிந்தது, பழுப்பு எங்கே ஆரம்பித்தது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாமல் இருந்தால் அவன் பெயிண்டர். அதன் பிறகு ஓரத்து வெள்ளைப் பட்டையில் படிந்த கருப்பைப் பிளேடால் சுரண்டி எடுத்து, மேலே கிளியர் லேக்கர் பல கோட் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

அந்த லேக்கர் என்ன தெரியுமா? நைட்ரோ செல்லுலோஸ். பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறப்போட்டால் கிடைப்பது. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியல் அறிஞர் வெளியிட்ட வெடிபஞ்சு இதுதான். நைட்ரஜன் அதிகம் ஏறினால் வெடிமருந்து, குறைவாக ஏறினால் லேக்கர். நமக்கு மேலே நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருக்கிறதே, 1904இல் தொடங்கியது, அங்கே பீரங்கிக்கு வேண்டிய வெடிமருந்து செய்ததும் இதே சரக்கை வைத்துத்தான். 1923 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி இதைக் கார் பெயிண்டாக்கி டூகோ என்று பெயர் வைத்தது. நம் ஊர்ப் பட்டறையில் இன்றைக்கும் பெரியவர்கள் "டூகோ அடிச்ச வண்டி" என்பார்கள். ஆக, பருத்தி விளைந்த கொங்கு நாட்டுக்காரன் கிடார் வர்ணத்தைப் பற்றிப் பேசினால் அது ரொம்ப அந்நியமான பேச்சில்லை. பருத்தி நூலாகவும் போகும், குண்டாகவும் போகும், கிடார் மேல் பளபளப்பாகவும் போகும்.

இனி என் அறை நண்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். என் செட்டுக்காரர்களுக்கு யாரென்று தெரியும். ஊர் சென்னிமலை. ஆகவே அவன் பெயரே சென்னிமலைதான். அப்பா சாயப் பட்டறையில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் பையன் நகக்கண்ணில் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். மெல்லிசைக் குழுவில் அவன்தான் கிடார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போத்தனூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்திய அண்ணன் ஒருவர் வாசிப்பதைச் சனிக்கிழமை தோறும் சைக்கிளில் போய்ப் பார்த்து, ராத்திரி மொட்டை மாடியில் தடவித் தடவிப் பழகினான். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு ஊரே பாட்டாகிவிட்டது. அவன் கிடாரைக் கீழே வைக்கவேயில்லை.

அந்த ஆஃப்பாயிலில் ஒரு விசேஷம் இருந்தது. இசை அறையில் மேற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். பல வருஷ மாலை வெயில் ஒரே பக்கமாக அடித்ததில், ஒரு பாதியில் சிவப்பே போய், தேன் நிறமாகியிருந்தது. மறுபாதி பழைய சிவப்பு. இரண்டும் சேரும் இடத்தில் பார்த்தால், இப்படி ஒரு வர்ணத்தை எந்தப் பெயிண்டரும் அடித்திருக்க முடியாது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. "என்னடா, தேமல் விழுந்த மாதிரி இருக்குது" என்றேன்.

சென்னிமலை பேசாமல் ஸ்குரூ டிரைவர் எடுத்து, கம்பிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினான். அடியில், வெயிலே படாத இடத்தில், குங்குமம் மாதிரி சிவப்பு! "பாத்தியா? இதுதான் இதுக்குப் பொறந்த கலர். மத்ததெல்லாம் வாழ்ந்த கலர்" என்றான். பிறகு அவன் அப்பா சொன்னதைச் சொன்னான். "சாயத்துல ரெண்டு சாதி இருக்குது. ஒண்ணு கண்ணைப் பறிக்கும், விலையும் கம்மி, ஆனா வெயில்ல நிக்காது. இன்னொண்ணு வேட் சாயம். பாக்க அடக்கமா இருக்கும், துணி கிழியற வரைக்கும் போகாது. எங்க அப்பா பாத்திருந்தா இது மொத சாதின்னு தூரத்துலயே சொல்லியிருப்பாரு."

அப்போது அது எனக்குச் சும்மா பேச்சு. பிற்பாடு படித்தபோதுதான் அந்தச் சாயக்காரர் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. கிப்சன் கம்பெனி லெஸ் பால் என்ற எலெக்ட்ரிக் கிடாரை 1952இல் தங்க நிறத்தில் கொண்டுவந்தது. விற்பனை குறையவும், 1958இல் செர்ரிப் பழச் சிவப்பில் சன்பர்ஸ்ட் அடித்தார்கள். 1960 வரை வந்தது. அப்போதும் பெரிதாகப் போணியாகவில்லை. அந்த உருவத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சிவப்பு வெயிலில் நிற்காத சிவப்பு. கடைக் கண்ணாடியில் மாட்டியிருந்தது ஒரு நிறமானது, பெட்டியில் தூங்கினது ஒரு நிறமானது. ஒன்று எலுமிச்சை, ஒன்று தேன், ஒன்று டிகாக்ஷன், ஒன்றில் சிவப்பு அடியோடு போய் வெறும் மஞ்சள். ஒரே தொழிற்சாலை, ஒரே ஸ்பிரே கன், ஆனால் ஐம்பது வருஷம் கழித்து ஒன்று போல ஒன்று இல்லை. இன்று அந்தக் கிடார்கள் கோடிக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் அந்த வெளுப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஃபெண்டர் கம்பெனிக்கும் அதே கதை. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது இரண்டே நிறம், மஞ்சளும் கருப்பும். 1958இல் இடையில் சிவப்பைச் சேர்த்தார்கள். அந்த முதல் சிவப்பு சீக்கிரமே ஓடிப்போய், கிடார் மறுபடி இரு நிறமாகிவிட்டது! பிறகுதான் நிற்கிற சிவப்பாக மாற்றினார்கள். சென்னிமலைச் சாயப் பட்டறையில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

1978. நான் மெல்லிசைக் குழுவின் செயலாளர். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. சென்னிமலையின் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து அவன் ஊருக்குப் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் அவனுக்கு ஒரு சந்தோஷ அதிர்ச்சி கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். அழுக்குக் கிடாரோடு மேடை ஏறினால் நம் கல்லூரிக்குக் கேவலம் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முக்கியக் காரணம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. குழுப் பணத்தில் நாற்பது ரூபாய் எடுத்துக்கொண்டு, கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு பட்டறைக்குக் கிடாரைக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரர் பேரில் குற்றமில்லை. "என்ன கலருங்க?" என்றார். "நல்லாப் பளிச்சுன்னு சிவப்பு" என்றேன். உப்புத்தாள் போட்டு மேற்பலகையைத் தேய்த்தார். மஞ்சளும் தேனும் தூளாகி அவர் மடியில் விழுந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டி பார்த்து, வேனுக்கு அடிக்கிற சிவப்பை மூன்று கோட் அடித்தார். கண்ணாடி மாதிரி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் வந்தான். கிடாரைக் கையில் வாங்கினான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிப் பார்த்தான். அங்கேயும் வேன் சிவப்புதான்.

"யாரைக் கேட்டு அடிச்சே?"

"பழசா இருந்துச்சேடா..."

"ஏன்டா, உங்க அப்பாரு மூஞ்சி பழசாயிருச்சுன்னா பட்டி பாத்துப் பெயிண்ட் அடிப்பியா?"

அவ்வளவுதான் கேட்டான். ஸ்ருதி சேர்த்து ஒரு மீட்டு மீட்டினான். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. அது பிரமை இல்லீங்க, இயந்திரவியல். அந்த மேற்பலகை மெல்லியது. அது அதிர்ந்தால்தான் சத்தம். அதன் மேல் பட்டியும் கனத்த பெயிண்டும் ஏறினால் எடை கூடும், அதிர்வு அமுங்கும். அதிர்வைப் பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு எழுதியவன்தான் நான். கையில் கிடாரை வைத்துக்கொண்டு அது ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. சாயம் வேறு, பெயிண்ட் வேறு. சாயம் கண்ணாடி மாதிரி, அதன் வழியே மரத்து ரேகை தெரியும். பெயிண்ட் சுவர் மாதிரி, மூடிவிடும். சன்பர்ஸ்ட் என்பது சாயத்து வேலை. நான் அதைச் சுவர் வேலை ஆக்கிவிட்டேன்.

போட்டியில் வாசித்தான், எங்களுக்குப் பரிசு வரவில்லை. பரிசு போனதற்கு நான்தான் காரணம் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த வருஷம் முழுக்க என்னோடு ஒரே அறையில் இருந்தான், ஒரே பிளாஸ்கில் டீ குடித்தான், கிடாரைப் பற்றி மட்டும் பேசவேயில்லை.

வேடிக்கை பாருங்க. படித்து முடித்து நான் போன வேலையே பெயிண்ட் வேலைதான். ஒவ்வொரு முறை ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கும்போதும் அந்தப் பட்டறை மடியில் விழுந்த மஞ்சள் தூள் ஞாபகம் வரும். அந்த உறுத்தலில்தான் கிடார் வர்ணங்களைப் பற்றிக் கிடைத்த புத்தகம், பத்திரிகை எல்லாம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். விபரீதமான சன்பர்ஸ்ட்களை நிறையப் பார்த்தேன், படத்தில்தான். சிலவற்றை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ரிக்கன்பேக்கர் கம்பெனியின் ஃபயர்குளோ: நடுவில் மஞ்சள், ஓரத்தில் அடுப்புக் கங்கு மாதிரி சிவப்பு, கருப்பே கிடையாது. 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு தந்தியோடு இருந்தது அந்த வர்ணம்தான். 1968இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஆன்டிகுவா: நடுவில் வெளிறிய சந்தன நிறம், ஓரத்தில் சாம்பல் புகை. விளிம்புப் பட்டை ஒட்டும் வேலையில் மரம் கருகிப்போக, அந்தக் கருகலை மறைக்கவே இந்தப் புகையை அடித்தார்கள் என்று சொல்வார்கள். தீய்ந்த தோசையைத் திருப்பிப் போட்டு இலையில் வைக்கிற அம்மாக்களுக்கு இது புரியும்.

அதற்கு முந்தைய வருஷம் வைல்ட்வுட் என்று ஒன்று செய்தார்கள். இது சன்பர்ஸ்ட் இல்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டென்மார்க்கில் பீச் மரங்கள் உயிரோடு நிற்கும்போதே அவற்றுக்குள் சாயத்தை ஏற்றி, மரமே அதை உறிஞ்சி ரேகை ரேகையாகப் பச்சையும் நீலமுமாக மாறிய பிறகு வெட்டிப் பலகையாக்கினார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் தென்னைக்கு வேரில் மருந்து கட்டுகிறீர்களே, அதே வித்தை.

1970களின் இறுதியில் கிப்சன் அடித்தது சில்வர்பர்ஸ்ட்: நடுவில் வெள்ளி, ஓரத்தில் கருப்பு. மேலே இருந்த கிளியர் லேக்கர் வருஷம் போகப் போக மஞ்சளாகி, அடியில் இருந்த வெள்ளி பச்சையாகத் தெரிய ஆரம்பித்தது. அந்தப் பச்சையைத் திட்டம் போட்டவர் யாருமில்லை. இன்று அந்தப் பச்சைக்குத்தான் மவுசு.

நியூயார்க்கில் ஜிம்மி டி'அக்விஸ்டோ என்று ஒரு மகா கலைஞர். கையால் ஆர்ச்டாப் செய்கிறவர். அவர் ஸ்காட் சினெரி என்ற சேகரிப்பாளருக்காக நீல வர்ணத்தில் ஒரு கிடார் செய்தார். ஆர்ச்டாப் என்றாலே பழுப்பும் மஞ்சளும்தான் என்றிருந்த உலகத்தில் நீலம்! அதில் மயங்கிய சினெரி, 22 கைவினைஞர்களிடம், "அதே நீலம், ஆளுக்கொரு கிடார், உங்கள் திறமையெல்லாம் காட்டுங்கள்" என்று கேட்டார். 1995இல் டி'அக்விஸ்டோ காலமானார். அந்த நீலக் கிடார்கள் 1997இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரே சாயத்தைக் கொடுத்தும் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வந்திருப்பதைப் படத்தில் பார்த்தாலே தெரியும்.

நம் நாட்டுக்கும் வாருங்கள். கல்கத்தாவில் செய்த கிடார்கள்தான் நம் கல்லூரி மேடைகளையும் கல்யாணக் கச்சேரிகளையும் நடத்தின. கிவ்சன், ஹாப்னர் என்ற பெயர்களைக் கேட்டாலே எந்த வெளிநாட்டுப் பெயரின் சாயல் என்று தெரிந்துவிடும். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பிறகு, கிடார் வேண்டும் என்று அப்பாவிடம் அடம் பிடிக்காத பையன் உண்டா? அந்தப் பையன்கள் கைக்கு வந்ததில் பாதி, ஓரம் கருத்த சன்பர்ஸ்ட்தான். அதையெல்லாம் இன்று யார் பாதுகாக்கிறார்கள்? பரணில் கரையான் தின்கிறது. வெளிநாட்டுக் கிடாரின் வெளுப்புக்குக் கோடி கொடுக்கிற உலகம் நம் வெளுப்பைக் குப்பை என்கிறது. நாமும் ஆமாம் என்கிறோம்.

2004இல் எங்கள் செட்டின் வெள்ளி விழா நடந்தது இங்கேதான். ராத்திரி சாப்பாடு முடிந்து நானும் சென்னிமலையும் ஆடிட்டோரியப் படியில் உட்கார்ந்திருந்தோம். 26 வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன். "அந்தக் கிடாரை நான் பாழாக்கிட்டேன்டா." அவன் சிரித்தான். "அட, அதை இன்னுமா தூக்கிட்டுத் திரியறே? நீ அடிச்ச பெயிண்ட்டும் இந்நேரம் பழசாயிருக்கும், போ" என்றான். எழுந்து போய்ப் பின்னறையில் தேடலாம் என்றோம். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். காலையில் ஆளுக்கொரு பஸ் பிடிக்கிற அவசரம்.

2021இல் கொரோனா இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். போய்ப் பார்க்கக்கூட விடவில்லை.

ஆகவே போன மாதம் அந்தப் படம் வந்ததும் நான் மறுநாளே கல்லூரிக்கு வந்தேன். மாணவத் தம்பி ஒருவர் கிடாரை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் என் வேன் சிவப்பு, அங்கங்கே வெடித்து, மங்கி, செங்கல் நிறமாகியிருக்கிறது. திருப்பினேன். பின்பக்கத்தைப் பட்டறைக்காரர் அன்றைக்குச் சரியாகத் தேய்க்காமலேயே மேலே அடித்திருக்கிறார். பிடிப்பில்லாத பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் பழைய ஆஃப்பாயில் எட்டிப் பார்க்கிறது! மஞ்சள், பழுப்பு, ஓரத்தில் கருப்பு. வேலையை ஒழுங்காகச் செய்யாத ஒரு மனிதரை என் வாழ்க்கையில் நான் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஒரு முறைதான்.

என் முதல் ஆசை என்ன தெரியுமா? மிச்சமிருக்கும் சிவப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிடவேண்டும் என்பதுதான். என் தப்பை நானே துடைத்துவிடலாமே! அந்தத் தம்பிதான் தடுத்தார். "சார், அந்தச் சிவப்புக்கு அடியில என்ன இருக்குதுன்னு தெரியாம சுரண்டினா இருக்கறதும் போயிருமே?" என்றார். இருபது வயசுப் பிள்ளைக்கு இருந்த நிதானம் எனக்கு 1978இலும் இல்லை, இப்போதும் இல்லை.

பிறகு யோசித்தேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் வடிவ பேஸ் கிடார், அதுவும் சன்பர்ஸ்ட்தான். 1964இல் அதைப் பழுது பார்த்து மறுபடி வர்ணம் பூசினார்கள். 1972இல் களவு போனது. ஐம்பது வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டு 2024இல் செய்தி வெளியானது. மறுபடி பூசிய அந்த வர்ணத்தைக் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் அந்தக் கிடாரின் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டது. வாசிப்பவன் தேவைக்குச் செய்தது பழுது பார்ப்பு. வாசிப்பவனைக் கேட்காமல் பார்ப்பவன் கண்ணுக்காகச் செய்தது வேறு. நான் செய்தது இரண்டாவது. ஆனால் அதுவும் நடந்ததுதான். அதை அழித்தால் நான் நல்லவன் போலத் தெரிவேன், கிடாரின் கதை பொய்யாகிவிடும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, அதற்குப் பெயிண்ட் அடிக்கவேண்டாம், சுரண்டவும் வேண்டாம். உரிகிற செதில்கள் மேலும் உதிராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு, கண்ணாடிப் பெட்டி வேண்டாம். வைக்க நினைத்திருக்கும் முன் ஹால் மேற்குப் பார்த்தது, அதே மாலை வெயில். தவிர, வாசிக்காத கிடார் வெறும் பலகை. கழுத்து வளையாமல் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். புதுத் தந்தியும் ஸ்ருதி முறுக்கிகளும் போட்டால் பேசும். அந்தச் செலவையும் ஒரு நல்ல உறையின் செலவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பெயிண்டுக்குப் பணம் தருவதாகச் சொன்ன நண்பர் அந்தப் பணத்தில் மாணவர் இசைக்குழுவுக்கு ஒரு நல்ல புதுக் கிடார் வாங்கித் தரட்டும். என்ன வர்ணம் என்பதை வாசிக்கப்போகிற பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

மூன்று, மாணவத் தம்பி தங்கைகளுக்கு. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பொருள் அசிங்கமாகத் தெரிந்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன் அதைத் தினமும் கையில் எடுக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். அவர் ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வரும்வரை காத்திருங்கள். நாலு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. நான் அந்த நாலு நாள் பொறுத்திருக்கவேண்டும்.

தந்தி மாற்றிய பிறகு இன்று மாலைக் கலை நிகழ்ச்சியில் அந்தக் கிடாரை ஒரு மாணவி வாசிக்கப்போவதாகச் செயலாளர் சொன்னார். சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் வரும். யாரும் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவேண்டாம். அது என் மூன்று கோட் பெயிண்ட்.